பார்க்கக் காசு: விந்தை மனிதர் கொட்டகைகள் பற்றி ஒரு நீண்ட வாக்குவாதம்

பிப்ரவரி 7: ஒரு வாசகர் கிளப்பியது

"பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உடல் மாறுபட்ட மனிதர்களை மேடையில் நிறுத்திக் காசு வாங்கிக் காட்டினார்கள். படிக்காத கூட்டம், ஈவிரக்கம் இல்லாத முதலாளிகள். மருத்துவம் வளர்ந்தது, சட்டம் வந்தது, அசிங்கம் ஒழிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

பிப்ரவரி 7, இரவு

நிறைய இருக்கிறது. முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பி. டி. பார்னம் என்ற பெரும் காட்சிக்காரர் 1835இல் தொழிலுக்குள் நுழைந்ததே ஜாய்ஸ் ஹெத் என்ற கறுப்பின அடிமைக் கிழவியை வைத்துத்தான். பார்வை போனவர், நடக்க முடியாதவர். அவருக்கு 161 வயது, ஜார்ஜ் வாஷிங்டனைத் தூக்கி வளர்த்த தாதி என்று விளம்பரம். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். பார்னம் விடவில்லை. நியூயார்க்கில் பொதுமக்கள் முன்னிலையில் உடலை அறுத்துக் காட்ட ஏற்பாடு செய்து, ஆளுக்கு 50 சென்ட் வசூலித்தார். சுமார் 1,500 பேர் வந்தார்கள். அறுத்த மருத்துவர், எண்பதுக்கு மேல் இருக்காது என்றார். பாதிக்குப் பாதி பொய். அந்தப் பொய்க்கும் டிக்கெட், அது உடைந்ததற்கும் டிக்கெட்.

ஆகவே கொடுமை உண்டு. ஆனால் அறுத்தவர் யார் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். படிக்காத கூட்டத்தில் இருந்து வந்தவர் அல்ல அவர்.

பிப்ரவரி 8

இன்னொரு எடுத்துக்காட்டு. "யானை மனிதன்" என்று அழைக்கப்பட்ட ஜான் மெரிக். டாம் நார்மன் என்ற கொட்டகைக்காரர் அவரை அடிமைபோல் வைத்திருந்தார், டாக்டர் ட்ரீவ்ஸ் வந்து மீட்டார். இந்த ஒரு கதையில் மருத்துவர்தான் நல்லவர். சரிதானே?

பிப்ரவரி 9

சரியில்லை. இரண்டு பேர் காதைத் திருகிவிட்டார்கள். பெயரே தப்பு: அவர் ஜோசப் மெரிக். 1923இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் ஜான் என்று எழுதியவர் ட்ரீவ்ஸ்தான். மீட்ட மனிதரின் பெயரைக்கூடச் சரியாக எழுதாத மீட்பர். நானும் அவரை நம்பி எழுதிவிட்டேன்.

நேற்றிரவு உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். கதை தலைகீழாக இருக்கிறது. லெஸ்டரில் பிறந்த மெரிக் பிழைப்புக்கு வழியில்லாமல் பதினேழு வயதில் ஏழைகள் விடுதியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே. அதிலிருந்து வெளியே வர 1884இல் அவரே ஒரு காட்சிக்காரரைத் தொடர்புகொண்டு, என்னைக் காட்டிச் சம்பாதிக்கலாம் வருகிறீர்களா என்று கேட்டார். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. லண்டனில் நார்மன் அவரைக் காட்டிய கடை, மருத்துவமனைக்கு நேர் எதிரே. ட்ரீவ்ஸ் சாலையைக் கடந்து வந்து பார்த்தார், பிறகு மருத்துவர்கள் சங்கத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அங்கே ஆடையில்லாமல் நின்றபோது மாட்டுச் சந்தையில் நிறுத்திய மாடுபோல இருந்தது என்று மெரிக் சொன்னதாக நார்மன் பின்னாளில் எழுதினார். நார்மனுக்குத் தன்னை நியாயப்படுத்தும் தேவை இருந்தது, உண்மைதான். ட்ரீவ்ஸுக்கும் அது இல்லாமலா?

மெரிக் சேர்த்துவைத்திருந்த சுமார் 50 பவுனைத் திருடிக்கொண்டு பெல்ஜியத்தில் அவரைத் தவிக்க விட்டவன் வேறொரு மேலாளன். அவனை நான் மன்னிக்கப் போவதில்லை. மெரிக் லண்டன் திரும்பி மருத்துவமனையில் அடைக்கலமான பிறகு வேல்ஸ் இளவரசி முதல் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து பார்த்துப் போனார்கள். வேடிக்கை நிற்கவில்லை, டிக்கெட் மட்டும் நின்றது. 1890இல், 27 வயதில் இறந்தார். எலும்புக்கூடு இன்னும் மருத்துவக் கல்லூரியிடம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 10

எனக்கு இதில் என்ன இவ்வளவு கோபம் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சொல்கிறேன்.

என் கைகளில் வெண்புள்ளிகள் உண்டு. பதினான்கு வயதில் தொடங்கி, இரண்டு புறங்கைகளும் முழங்கை வரை வரைபடம்போல் ஆகிவிட்டன. பத்தொன்பது வயதில் ஒரு மருத்துவமனையில் பெரிய டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கதவைத் திறந்து மாணவர்களைக் கூப்பிட்டார். பதினொரு பேர். எண்ணினேன், ஏனென்றால் எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. "சட்டையைக் கழற்றுங்கள், கையை நீட்டுங்கள்." பேனா முனையால் தொட்டுத் தொட்டு, ஓரம் எப்படி இருக்கிறது பார், சமச்சீராக இருக்கிறது பார் என்று பாடம் நடந்தது. ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டே குறிப்பெடுத்தாள். முடிந்ததும் எல்லாரும் போய்விட்டார்கள். டாக்டர் கோப்பைப் பார்த்துத்தான் என் பெயரைச் சொன்னார்.

பஸ்ஸில் முறைத்துப் பார்க்கிறவர்கள்மீது எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்ததில்லை. அவர்கள் என் முகத்தையும் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 10, சிறிது நேரம் கழித்து

எழுதாமல் விட்டது. நான் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் என்ன விலை போயிருப்பேன் என்று தேடியிருக்கிறேன். ஜார்ஜ் கிராட்டன் என்று ஒரு குழந்தை. கரீபியனில் செயின்ட் வின்சென்ட் தீவில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தது. கறுத்த தோலில் வெள்ளைத் திட்டுகள். இரண்டு வயது ஆவதற்குள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, சந்தைகளில் நாடகக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த ஜான் ரிச்சர்ட்சன் என்பவரிடம் ஒப்படைத்தார்கள். "அழகிய புள்ளிச் சிறுவன்." ஐந்து வயது நிரம்புவதற்கு முன், 1813இல் இறந்தான். யாராவது உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பயந்து ரிச்சர்ட்சன் அவனை மார்லோ என்ற ஊரில் பத்திரமாகப் புதைத்தார். பிற்காலத்தில் தான் இறந்தபோது அதே கல்லறையில் தன்னையும் வைக்கச் சொன்னார்.

காட்டிக் காசு பார்த்தவர்தான். அந்தக் கல்லறையை மனதில் எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பிப்ரவரி 12

"படிக்காத கூட்டம்" என்பதற்கு வருகிறேன்.

சார்லஸ் ஸ்ட்ராட்டன் என்ற சிறுவனைப் பார்னம் 1842இல் கண்டுபிடித்தபோது அவனுக்கு நாலு வயது. வளர்ச்சி நின்றுபோயிருந்தது. பதினொரு வயது என்று விளம்பரம் செய்து, "ஜெனரல் டாம் தம்ப்" என்று பட்டம் கட்டினார். வாரம் மூன்று டாலர் சம்பளம். 1844இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா ராணி முன் நின்றான். அரண்மனை வழக்கப்படி முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேற வேண்டும். பார்னமின் நீண்ட கால்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பையன் திரும்பி ஓடுவான், மறுபடி ராணியைப் பார்த்து நின்று பின்னோக்கி நடப்பான், மறுபடி ஓடுவான். ராணியின் நாய்க்கு இது பிடிக்கவில்லை, பாய்ந்துவிட்டது. ஜெனரல் கைத்தடியைச் சுழற்றி அதோடு சண்டை போட்டார். இதைப் பார்னமே எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் பாதியைக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும் என்றாலும், காட்சி கண்முன் நிற்கிறது.

அதாவது சீமாட்டிகள், அமைச்சர்கள், ராணி, 1863இல் அவர் திருமணம் முடிந்து மனைவி லவீனியாவோடு வந்தபோது வெள்ளை மாளிகையில் லிங்கன் வரை எல்லாரும் பார்த்தவர்கள்தான். பார்னமின் நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு 25 சென்ட் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்தப் பட்டியலில் சேரிக்காரனை மட்டும் தனியே பிடித்து நிறுத்தாதீர்கள்.

பிப்ரவரி 14

தொழில் எப்படி நடந்தது என்று கேட்டவருக்கு. நான் ரசிக்கிற பகுதி இதுதான்; ரசிப்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

கொட்டகைக்கு வெளியே வரிசையாகப் பெரிய ஓவியத் துணிகள். உள்ளே இருப்பவரைவிட ஓவியம் எப்போதும் இரண்டு மடங்கு விந்தையாக இருக்கும். முன்னால் சின்ன மேடை. அதில் ஒரு பேச்சுக்காரர். கூவுகிறவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வெளியே ஒருவரை மட்டும் இலவசமாகக் காட்டுவார், கூட்டம் கூடும், பிறகு டிக்கெட். உள்ளே ஒரே கூரையின் கீழ் பத்து மேடை, ஒன்று மாற்றி ஒன்று. கடைசியில் ஒரு திரை. அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கத் தனிக் காசு.

ஆனால் மேடையில் நின்றவருக்கு வருமானம் டிக்கெட்டில் மட்டும் இல்லை. தன் வாழ்க்கை வரலாறு என்று ஒரு சிறு பிரசுரம் விற்பார். அதில் முக்கால்வாசி கற்பனை, மீதி மருத்துவர் கொடுத்த நற்சான்று. ராட்சத உயரம் உள்ளவர்கள் தங்கள் விரல் அளவு மோதிரம் விற்பார்கள். எல்லாரும் விற்றது அட்டைப்படம். நியூயார்க்கின் பவரி தெருவில் சார்லஸ் ஐசன்மன் என்ற புகைப்படக்காரருக்கு இவர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள்.

பழம்பொருள் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் இப்படி ஓர் அட்டை இருக்கிறது. கெட்டியான அட்டை, ஓரங்கள் கறுத்துவிட்டன. உயரமான ஒருவர், அவர் இடுப்புக்குக் கீழே ஒரு சிறிய மனிதர். உற்றுப் பார்த்தால் வித்தை தெரியும். உயரமானவருக்கு ஒரு முழத் தொப்பி, குதிகால் உயர்ந்த பூட்ஸ். சிறியவருக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே பெரிதாகச் செய்த நாற்காலி. இருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. சிறியவர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்குவதுபோல. அந்த உதட்டை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆமாம், நானும் வேடிக்கை பார்க்கிறவன்தான்.

நம் மொழி இதில் பொல்லாதது. வேடிக்கை என்றாலே சிரிப்பும் சேர்ந்துவிடுகிறது. காட்சிப்பொருள் என்றால் ஆளைப் பொருளாக்கியாயிற்று. பொருளுக்குக் காசு என்றும் அர்த்தம் இருப்பதால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிப்ரவரி 15

சிரிக்க: "போர்னியோவின் காட்டு மனிதர்கள்" என்று பல்லாண்டு ஊர் ஊராகச் சுற்றிய இருவர் ஒஹையோவில் வளர்ந்த டேவிஸ் சகோதரர்கள். உயரம் குறைந்தவர்கள், அசாத்திய பலசாலிகள். போர்னியோவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிரிக்காமல்: வெள்ளையரில் உயரம் குறைந்தவருக்கு "ஜெனரல்" என்று பட்டம். ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் பெரும்பாலும் "காட்டுமிராண்டி" வேடம். பொய்யில்கூட வரிசை முறை இருந்தது. 1906இல் நியூயார்க்கின் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு இளைஞரைக் குரங்குகள் இருக்கும் கட்டடத்திலேயே வைத்தார்கள். கறுப்பினப் போதகர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகே விட்டார்கள். பத்தாண்டு கழித்து அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அந்த மிருகக்காட்சிசாலையை நடத்தியவர்கள் கொட்டகைக்காரர்கள் அல்ல, விலங்கியல் அறிஞர்கள்.

பிப்ரவரி 17

சாரா பார்ட்மன் பற்றி ஏன் பேசவில்லை என்கிறீர்கள். ஒரே மூச்சில் பேச முடியாததால்.

தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனப் பெண். 1810இல் லண்டன் பிக்காடில்லியில் இறுக்கமான ஆடையோடு காட்டினார்கள். பார்க்க வந்தது அவருடைய பின்புறத்தை. அடிமை ஒழிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அவரை டச்சு மொழியில் விசாரித்தார்கள். விரும்பித்தான் வந்தேன், வருமானத்தில் பங்கு உண்டு என்று பதில் வந்தது. ஒப்பந்தக் காகிதமும் வந்தது. வழக்கு அதோடு முடிந்தது. அந்தப் பதிலை அவர் எந்த நிலைமையில் சொன்னார் என்பது காகிதத்தில் இல்லை.

பிறகு பாரிஸ்; விலங்குகளைக் காட்டிப் பிழைத்த ஒருவனிடம். 1815 கடைசியில் இறந்தார். உடனே பெரும் அறிவியலாளர் குவியே அறுத்தார், உடல் வார்ப்பு எடுத்தார், உறுப்புகளைப் புட்டியில் போட்டார். லண்டனிலும் பாரிஸிலும் சேர்த்து அவரைக் கொட்டகையில் காட்டியது சுமார் ஐந்து ஆண்டு. அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு 1974 வரை பார்வைக்கு இருந்தது. மண்டேலா கேட்டு, பிரான்ஸ் தனிச்சட்டம் போட்டு, 2002 ஆகஸ்டில்தான் சொந்த மண்ணில் அடக்கம்.

கொட்டகையில் ஐந்து ஆண்டு, அறிவியலில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல். மருத்துவம் வளர்ந்து அசிங்கம் ஒழிந்தது என்றீர்களே.

பிப்ரவரி 18

சேர்க்க வேண்டிய ஒன்று. சார்லஸ் பர்ன், அயர்லாந்துக்காரர், ஏழடி ஏழு அங்குலம். 1783இல் 22 வயதில் சாகும்போது, உடலைக் கடலில் இறக்கிவிடுங்கள், மருத்துவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் காசு கொடுத்து உடலை வாங்கி, கொதிக்கவைத்து எலும்பை எடுத்தார்.

லண்டனில் அந்த எலும்புக்கூடு கண்ணாடிப் பெட்டியில் நின்ற காலத்தில் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று என் தலை அவருடைய எந்த விலா எலும்பு வரை வருகிறது என்று அளந்தேன். இந்தக் கடைசி விருப்பம் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அளந்திருப்பேனோ என்னவோ. 2023இல் அந்த அருங்காட்சியகம் மீண்டும் திறந்தபோது அவரைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடலுக்கு அனுப்பவில்லை, உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 20

"அப்படியென்றால் கொட்டகைக்காரர்கள் உத்தமர்களா?" இல்லை ஐயா. ஜூலியா பஸ்த்ரானா என்ற மெக்சிகோப் பெண்ணுக்கு உடல் முழுதும் ரோமம். அவரைக் காட்டியவனே கல்யாணம் செய்துகொண்டான். 1860இல் மாஸ்கோவில் பிள்ளை பெற்று, பிள்ளையும் தாயும் இறந்தார்கள். கணவன் இரண்டு உடலையும் பதப்படுத்தச் செய்து அப்படியே ஊர் ஊராகக் காட்டினான். 2013இல்தான் மெக்சிகோவில் மண் கிடைத்தது. இவனை என்னவென்று சொல்ல.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: காசுப்பெட்டி யார் மடியில் இருந்தது? சயாம் தேசத்தில் ஒட்டிப் பிறந்த சாங், எங் சகோதரர்களை 1829இல் பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். 21 வயதானதும் ஒப்பந்தத்தை உதறிவிட்டுத் தாங்களே காட்சி நடத்தினார்கள். வட கரோலினாவில் நிலம் வாங்கி, அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் ஒரு வீடு, மூன்று நாள் இன்னொரு வீடு என்று முறைவைத்து வாழ்ந்தார்கள். இருவருக்கும் சேர்ந்து இருபதுக்கு மேல் குழந்தைகள்.

பிப்ரவரி 20, அரை மணி கழித்து

"நிலம் வாங்கி" என்று நான் நைசாக நழுவியதைப் பிடித்துவிட்டீர்கள். ஆமாம், அடிமைகளையும் வாங்கினார்கள். காசுப்பெட்டி கைக்கு வந்தால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை.

அதே வட கரோலினாவில்தான் 1851இல் மில்லியும் கிறிஸ்டினும் ஒட்டிப் பிறந்தார்கள், அடிமைகளாக. குழந்தையிலேயே திருடப்பட்டு இங்கிலாந்து வரை போனார்கள். தாய் மொனீமியா கடல் தாண்டிப்போய் நீதிமன்றத்தில் மீட்டார். வளர்ந்து பாடகிகளாகி, விடுதலைக்குப் பிறகு சம்பாதித்து, தாங்கள் பிறந்த அந்தப் பண்ணை நிலத்தையே வாங்கினார்கள். இதைத் தட்டச்சு செய்யும்போது எனக்குக் கொஞ்சம் குதூகலமாக இருக்கிறது, மறைக்கவில்லை.

பிப்ரவரி 23

சட்டம் வந்து ஒழித்தது என்பதற்கு.

சிகாகோ நகரம் 1881இல் ஒரு விதி போட்டது: நோயால் சிதைந்தவர், உறுப்பு குறைந்தவர், பார்க்க அருவருப்பானவர் பொதுத் தெருவில் தன்னை வெளிக்காட்டக் கூடாது, மீறினால் அபராதம். சான் பிரான்சிஸ்கோவில் 1867லேயே உண்டு. சிகாகோவில் நீக்கியது 1974இல். அதே உடல் தெருவில் நின்றால் குற்றம், கூரைக்குக் கீழ் டிக்கெட்டோடு நின்றால் பொழுதுபோக்கு. இதைப் படித்த பிறகுதான் மெரிக் ஏன் காட்சிக்காரரைத் தேடிப் போனார் என்பது எனக்கு உறைத்தது.

ஃபுளோரிடா 1921இல் இத்தகைய காட்சிகளைத் தடைசெய்தது. எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் மேடையில் நின்றவர்களும் உண்டு. 1972இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. 1984இல் நியூயார்க் மாநிலச் சந்தையில் "தவளை மனிதன்" ஓட்டிஸ் ஜோர்டனுக்கு எதிராகப் புகார் எழுந்தது. புகார் அவர் நன்மைக்காக. கை கால் விளங்காத அவர் உதட்டாலேயே சிகரெட் சுருட்டிப் பற்றவைப்பார். அரசு உதவித்தொகையில் உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா என்று எரிந்து விழுந்தார். பிறகு நியூயார்க்கின் கடற்கரைக் கேளிக்கைப் பகுதியான கோனி தீவுக்குப் போய் "மனித சிகரெட் ஆலை" என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே வேலையைச் செய்தார்.

பிரான்சில் மனுவேல் வாக்கன்ஹைம். உயரம் குறைந்தவர், கவசம் மாட்டிய அவரைத் தூக்கி மெத்தையில் எறிவதுதான் விளையாட்டு. 1991இல் ஒரு நகரத்தில் தடை வந்தது, 1995இல் உயர் நிர்வாக நீதிமன்றம் மனித மாண்பைச் சொல்லித் தடையை உறுதிசெய்தது. வேலை இல்லாமல் இருப்பதுதான் மாண்பா என்பது அவர் வாதம். ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார். 2002இல் அங்கும் தோற்றார்.

ஜோர்டன் பக்கம் நிற்கிறேன். வாக்கன்ஹைம் பக்கம் நிற்க முயன்றேன், கால் நழுவுகிறது. ஜோர்டனின் உதட்டில் ஒரு திறமை இருக்கிறது. வாக்கன்ஹைமைத் தூக்கி எறிகிறார்கள். ஆனால் இந்த வேறுபாட்டை வரைய நான் யார்?

பிப்ரவரி 26

பக்கத்துக் கொட்டகையைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

கோனி தீவில் 1903 முதல் 1943 வரை, விந்தை மனிதர்களுக்கும் ராட்டினங்களுக்கும் நடுவே, மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினார். நுழைவு 25 சென்ட். பல மருத்துவமனைகள் பிழைக்காது என்று கைவிட்ட குழந்தைகள். பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் காசில் செவிலியர் சம்பளம், பால், சூடு எல்லாம். சுமார் 6,500 குழந்தைகள் பிழைத்தார்கள் என்பது கணக்கு. அவர் மருத்துவப் பட்டம் பெற்றதற்கு ஆதாரம் மட்டும் கிடைக்கவில்லை! நகரின் பெரிய மருத்துவமனை ஒன்று தனிப்பிரிவு திறந்த ஆண்டில் கடையை மூடினார்.

எதிர்ப்பக்கம்: 1934 மே 28, கனடாவின் ஒன்டாரியோவில் டியோன் வீட்டில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள். சிகாகோ கண்காட்சிக்குக் காட்டத் தகப்பன் ஒப்பந்தம் போட்டுவிட்டார். பதறிய அரசு குழந்தைகளைக் காப்பாற்றத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு? தனிக் கட்டடம், விளையாட்டு முற்றம், அதைச் சுற்றிப் பார்வையாளர் நடைக்கூடம். ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். ஒன்பது வயதில்தான் வீடு திரும்பினார்கள். உயிரோடு இருந்த மூவருக்கு 1998இல் நாற்பது லட்சம் கனடா டாலர் இழப்பீடு. நுழைவுக் கட்டணம் கிடையாது, எனவே யாரும் அதைக் கொட்டகை என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 27

ஒரு வரி: 1899இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் பார்னம் குழுவின் மேடைக்காரர்கள் கூட்டம் போட்டு, எங்களை "ஃப்ரீக்" என்ற இழிபெயரால் அழைக்காதீர்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மாற்றாகத் தேர்ந்த சொல்லை "அதிசயப் பிறவிகள்" என்று தமிழாக்கலாம். விளம்பரத் தந்திரம் என்கிறார்கள். இருக்கட்டும். என் தோலுக்கு இருந்த பழைய பெயரில் குஷ்டம் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது போன அன்று நானும் ஓர் அதிசயப் பிறவிபோல்தான் நடந்தேன்.

மார்ச் 3

மூன்று நாளாக எழுதவில்லை, சிகிச்சைக்குப் போயிருந்தேன். ஓர் இளம் டாக்டர் தயங்கித் தயங்கி, "உங்கள் கையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா? வகுப்பில் காட்ட" என்று கேட்டார். எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று நான் கேட்ட கேள்விகளில் அவர் முகம் சுண்டிவிட்டது. பாவம், இந்த வாக்குவாதம் முழுவதையும் அவர் தலையில் கொட்டியிருக்கிறேன். இரண்டு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றேன். அப்படி யாரும் கேட்டதில்லையாம்.

நேற்று அனுப்பியிருக்கிறார். முகம் இல்லை, மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை மட்டும். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்திருக்கிறார், பதினைந்து சென்டிமீட்டர். உண்மையான ஸ்கேல்தான், வீட்டில் இருப்பதை எடுத்து வைத்துச் சரிபார்த்துவிட்டேன்.